சுரம் எல்லாம் சரி, வரிசைதான் வேற

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல பழைய பிரிட்டிஷ் டிவி காமெடி பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். நல்லா இருந்துச்சு, ஆனா சங்கீதத்த வச்சு அவங்க பண்ண வார்த்தை விளையாட்டு பத்தி ஒரு வரி கூட இல்லங்க, மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

1971 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பிபிசில வந்த மோர்கம் அண்ட் வைஸ்ங்கிற காமெடி ஜோடியோட ஷோவ எடுத்துக்கங்க. லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவ நடத்துன ஆந்த்ரே பிரெவினையே கூட்டிட்டு வந்து 'ஆண்ட்ரூ பிரிவ்யூ'ன்னு கூப்பிடுறாங்க. க்ரீக்ங்கிற இசையமைப்பாளரோட பியானோ கான்செர்ட்டோ (ஆர்கெஸ்ட்ராவோட சேந்து ஒரு வாத்தியம் முன்னால நின்னு வாசிக்கிற உருப்படி) வாசிக்கணும், ஜோடில ஒருத்தரான எரிக் மோர்கம் என்னடான்னா ஆரம்ப இசை பத்தல, ஒரு கெஜம் நீட்டுங்கன்னு துணிக்கடையில கேக்குற மாதிரி கேக்குறாரு. அப்புறம் கன்னாபின்னான்னு எதையோ வாசிக்க, எல்லாமே தப்பான சுரம்னு பிரெவின் சொல்றாரு. உடனே எரிக் அவரு கோட்ட புடிச்சுகிட்டு, சுரமெல்லாம் சரியாத்தான் வாசிக்கிறேன், ஆனா வரிசையும் சரியா இருக்கும்னு சொல்ல முடியாதுங்கிறாரு. நான் பசங்களுக்கு வயலின் சொல்லித் தர்றவ, சரளி வரிசைல ஆரம்பிக்கிற எங்களுக்கு வரிசைங்கிற வார்த்தையோட கனம் நல்லாவே தெரியும். அந்த ஒரு வரிக்குள்ள சங்கீதம் மொத்தமும் இருக்கு. இந்த ஸ்கெட்ச்ச, அதாவது குட்டி காமெடி நாடகத்த, எழுதுனவர் எடி பிரேபன். பிரெவின் கடைசி வரைக்கும் நெஜ கச்சேரி மாதிரியே விறைப்பா நின்னாரு பாருங்க, அதனாலதான் அது எடுபட்டுச்சு. பல வருஷம் கழிச்சும் லண்டன் டாக்சிக்காரங்க தன்னை மிஸ்டர் பிரிவ்யூன்னுதான் கூப்பிடுறாங்கன்னு அவரே சொல்லியிருக்காரு.

தி டூ ரானீஸ்ங்கிற இன்னொரு டிவி காமெடி ஷோ 1971லருந்து 1987 வரைக்கும் ஓடுச்சு. அதோட கடைசில வர்ற பாட்டுகள்ல, ஜனங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச மெட்டுக்கு அந்த ரெண்டு ரானில ஒருத்தரான ரானி பார்க்கர் புதுசா வார்த்தை போடுவாரு. தன் பேருக்காக இல்லாம எழுத்துக்காக எடுத்துக்கணும்னு ஜெரால்ட் வைலிங்கிற புனைபேர்ல ஸ்கெட்ச் அனுப்பி வச்ச மனுஷன் அவரு.

ஆனா எனக்கு எல்லாத்துக்கும் மேல ஃபிளாண்டர்ஸ் அண்ட் ஸ்வான்ங்கிற காமெடிப் பாட்டு ஜோடிதான். அவங்க மேடைக்காரங்க, டிவி ஸ்கெட்ச் கணக்குல வராது, இருந்தாலும் விட மனசில்ல. மொசார்ட்டோட 4வது ஹார்ன் (ஊதுற பித்தளை வாத்தியம்) கான்செர்ட்டோ கடைசி பாகத்த ஸ்வான் பியானோல வாசிக்க, ஹார்ன் வாசிக்க வேண்டிய இடத்த ஃபிளாண்டர்ஸ் வாயாலயே பாடுறாரு, ஹார்ன் காணாமப் போச்சுங்கிற பொலம்பல்தான் பாட்டே! வேகமான சுரத்துல கூட அசை அசையா வார்த்தை உக்காருது, எதுகை சரியான எடத்துல விழுது, மெட்டு எங்கயும் நொண்டல. என் மாணவர்களுக்கு மொதல்ல ஹார்ன் வாசிக்கிறத போட்டுக் காட்டுவேன், அப்புறம் இத.

இதுக்குன்னு தனியா ஒரு கட்டுரை போடுங்க, தயவு செஞ்சு. சங்கீதம் தெரிஞ்ச ஒருத்தர் எழுதுனா இன்னும் சந்தோஷம்.

இப்படிக்கு,
வயலின் சொல்லித்தரும் ஒரு வாசகி
திருச்சி