கரி பூசிய முகம்

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறாய். ஆனால் 1927-இல் வந்த 'தி ஜாஸ் சிங்கர்' என்ற அமெரிக்கப் படத்தைத் தந்தைக்கும் மகனுக்குமான பிணக்காக மட்டும் பார்த்து முடித்திருக்கிறாய். அங்கேதான் அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை.

அதில் யூத ஜெப ஆலயப் பாடகரின் மகன் ஜேக்கி ராபினோவிட்ஸ், மேடையேறி ஜாக் ராபின் ஆகிறான். அவனாக நடித்த ஆல் ஜோல்சனும் லிதுவேனியாவில் ஆசா யோல்சனாகப் பிறந்தவர். அவர் தந்தையும் ஜெப ஆலயப் பாடகர். படமெடுத்த வார்னர் சகோதரர்கள் போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தினர். கிழக்கு ஐரோப்பியர் வரவை அமெரிக்காவின் 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் பெருமளவு அடைத்துவிட்டிருந்த நேரத்தில், தங்கள் வீட்டுக் கதையைத் திரையில் வைத்தார்கள். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஜாக் மேடைக்காக முகத்தில் கரி பூசிக்கொள்வதை ஒரே வரியில் கடந்துவிட்டாயே! கறுப்பினத்தவரைக் கேலி செய்ய வெள்ளையர்கள் ஏறத்தாழ நூறாண்டாக மேடையில் போட்டுவந்த வேடம் அது. ஒப்பனை அறைக் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்க்கும்போதுதான் ஆலயத்தில் பாடும் தந்தை அவனுக்குத் தெரிகிறார். தன் தவிப்பைச் சொல்ல இன்னோர் இனத்தின் முகம் வேண்டியிருக்கிறது. அந்த இனத்தாருக்கோ படத்தில் கதையே இல்லை. கரியைக் கழுவினால் அவன் வெள்ளை அமெரிக்கன். பிறந்த நிறத்தோடு வாழ்ந்தவர்களுக்குத் தென் மாநிலத் தியேட்டர்களில் தனி வாசல், தனி இருக்கை.

1915-இல் ஜார்ஜியாவில் லியோ ஃபிராங்க் என்ற யூதரை ஒரு கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றது. அதே ஆண்டு, கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தைப் போற்றிய 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தை அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்தில் திரையிடும் உரிமையை வாங்கி, பின்னாளில் ஹாலிவுட்டின் பெரிய தயாரிப்பாளரான லூயி பி. மேயர் பெரும்பணம் பார்த்தார். அவரும் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதர். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

யூதர்கள்மேல் பழிபோடும் கட்டுரையாக இதை மாற்றிவிடாதே, கண்ணே. அந்த வேடத்தை அவர்கள் உண்டாக்கவில்லை. வந்தேறிகள் வெள்ளையராக ஏற்கப்படுவதற்கு அந்த நாடு என்ன விலை கேட்டது, அதை யார் செலுத்தினார்கள் என்று எழுது. ஆஸ்கர் மிஷோவையும் கட்டாயம் சேர். கறுப்பின இயக்குநரான அவர், கும்பல் கொலையின் கொடூரத்தை 1920-லேயே 'விதின் அவர் கேட்ஸ்' படத்தில் காட்டியவர். அதைப் பார்த்துவிட்டு, திருத்திய கட்டுரையை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா