ஸ்கோப் மாட்டினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மான் வேட்டை பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஸ்கோப் (துப்பாக்கி மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி) இருப்பதால் குறி தப்பாது என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது பாருங்கள், அதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பென்சில்வேனியாவில் உரிமம் எடுத்துப் பல வருடமாக வேட்டைக்குப் போகிறவன் நான் (ஊரில் சொன்னால் இன்னும் யாரும் நம்புவதில்லை).

முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஸ்கோப்பை மாட்டிக் கொடுத்த கடைக்காரர் எல்லாம் சரிபார்த்தாயிற்று, நேராகக் காட்டுக்குப் போகலாம் என்றார், போனேன். எழுபது கெஜம் தள்ளி ஒரு மான் என்னைப் பார்த்தபடி நின்றது, சுட்டேன், குண்டு படவில்லை, ஓடிவிட்டது. மறுநாள் ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் மைதானத்தில், 100 கெஜத்தில் குறி அட்டை வைத்துச் சுட்டால் குண்டு ஒன்றரைச் சாண் வலப்பக்கம் போகிறது! அந்த மான் பக்கவாட்டில் நின்றிருந்தால் வயிற்றில் வாங்கிக்கொண்டு ஓடி எந்தப் புதரிலோ கிடந்து செத்திருக்கும், நான் தேடிக்கொண்டே இருந்திருப்பேன். கடையில் செய்தது குழலையும் ஸ்கோப்பையும் உத்தேசமாக ஒரே திசைக்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான். முதல் குண்டு அட்டையில் எங்காவது படுவதற்கு அது உதவும், மிச்சத்தைச் சுட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

25 கெஜத்தில் தொடங்கி அப்புறம் 100 கெஜத்துக்குப் போவது நல்லது. துப்பாக்கியை மணல் பையில் சாய்த்து மூன்று குண்டு சுட்டு, மூன்றுக்கும் நடுவில் எந்த இடம் என்று பார்த்து, குறியை நகர்த்த ஸ்கோப்பில் இருக்கும் திருகுக் குமிழைத் திருப்ப வேண்டும், ஒரே குண்டை நம்பித் திருப்பினால் விடிய விடியத் திருப்பிக்கொண்டே இருக்கலாம். குமிழ் ‘கிளிக் கிளிக்’ என்று படிப்படியாகத் திரும்பும், நிறைய ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் திருப்பினால் குண்டு படும் இடம் 100 கெஜத்தில் கால் அங்குலம் நகரும். 25 கெஜத்தில் அதே கிளிக் வீசம் (பதினாறில் ஒரு பங்கு) அங்குலம்தான், அதாவது ஒரு அங்குலம் நகர்த்த 16 கிளிக். இது தெரியாமல் நாலு கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப்பைத் திட்டுகிற ஆட்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். குழல் சூடேறினாலும் குண்டு விலகும், ஆறவிட வேண்டும். ஸ்கோப் இல்லாத துப்பாக்கி என்றால் குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதே பக்கம் பின்குறியை (கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குறி) நகர்த்த வேண்டும், குழல் நுனியில் இருக்கும் முன்குறிக்கு இது தலைகீழ்.

என்னுடையது தேர்ட்டி ஆட் சிக்ஸ் (.30-06) தோட்டா போடும் துப்பாக்கி. 150 கிரெய்ன் (ஏறக்குறைய 10 கிராம்) எடையுள்ள குண்டு 100 கெஜத்தில் 2 அங்குலம் மேலே படும்படி வைத்தால் 200 கெஜத்தில் ஏறக்குறைய குறியிலேயே விழும். ஆனால் தோட்டா பிராண்டை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து!

இங்கே 2019 முதல் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை (நவம்பர் நாலாவது வியாழன்) முடிந்த சனிக்கிழமை துப்பாக்கியால் மான் வேட்டையாடும் சீசன் ஆரம்பிக்கிறது, 2019க்கு முன்பெல்லாம் பண்டிகை முடிந்த திங்கட்கிழமைதான் ஆரம்பிக்கும். சீசனுக்கு முந்தின வாரம் ரேஞ்சில் நிற்க இடம் இருக்காது, அதனால் குறி சரிசெய்கிற வேலையை நான் அக்டோபரிலேயே முடித்துவிடுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
பென்சில்வேனியாவிலிருந்து ஒரு வாசகர்