சின்னம்மாவின் கத்தரித் தோட்டமும் டஸ்கீகி வண்டியும்

நிபோங் திபால்,
பினாங்கு.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சந்தை வரை நடக்க முடிகிறது, அது போதும். செந்தூலுக்குத் திரும்பிய கையோடு எழுதியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். அலபாமாவில் மகள் வீட்டில் இருந்தபோது டஸ்கீகி என்ற கறுப்பினக் கல்லூரிக்குப் போய் வந்ததைப் பக்கம் பக்கமாக விவரித்திருந்தாய். அந்த ஜெசப் வண்டியைப் பற்றிய பகுதியை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

1906-இல் குதிரை பூட்டிய ஒரு வண்டியில் கலப்பை, விதை, வெண்ணெய் கடையும் கருவி என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கல்லூரி விவசாயியின் வாசலுக்கே போயிருக்கிறது! அங்கே ஆசிரியராக இருந்த விவசாய விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் யோசித்து வடிவமைத்த வண்டி. அதைக் கொண்டுபோய்ச் சொல்லிக் கொடுத்தவர் தாமஸ் கேம்பல். அமெரிக்க விவசாயத் துறை விரிவாக்கப் பணிக்கு நியமித்த முதல் கறுப்பினத்தவர் அவர். பள்ளிக்கூடம் பக்கமே போகாத, பிறர் நிலத்தில் விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிட்ட மக்களிடம் "நீங்கள் வாருங்கள்" என்று சொல்லாமல் இவர்களே போனார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கார்வர் பருத்தி விளைந்து சோர்ந்த மண்ணுக்கு நிலக்கடலையும் காராமணியும் போடச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு நம் தோட்டத்து ஞாபகம் வந்துவிட்டது. ரப்பர் மறு நடவு செய்த இடத்தில், கன்றுகளுக்கு நடுவே பச்சைக் கொடி படர்ந்து கிடக்குமே, அதில் கால் சிக்கி விழுந்து எழுவோமே, ஞாபகம் இருக்கிறதா? அதுவும் பயறு வகைக் கொடிதான். காற்றில் இருக்கும் நைட்ரஜனை வேர் முடிச்சில் இருக்கும் கிருமிகள் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. நம் அம்மாக்கள் அந்த விதையைத் தூவினார்கள், களை எடுத்தார்கள், கூலி வாங்கினார்கள். அது ஏன் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வேலை வாங்குவதற்கும் தொழில் சொல்லிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மண்ணில் கிடந்த நம் ஜனங்களில் விவசாயி என்று சொல்லிக்கொள்கிறவர்கள் ஏன் இத்தனை குறைவு என்று என்னை யாராவது கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இங்கே கோயில் மண்டபத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. விவசாய இலாகாவிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் நம் பெண், பட்டர்வொர்த்துக்காரர், தமிழில் பேசினார். இளம் விவசாயிகளுக்கான மானியம், இலாகா நடத்தும் விவசாயக் கழகங்களில் எஸ்.பி.எம். (படிவம் ஐந்து தேர்வு) முடித்த பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் வழி, விளைந்ததை அரசாங்க விவசாய விற்பனை வாரியமான ஃபாமாவின் பசார் தானியில் (விவசாயிகள் சந்தையில்) கொண்டுபோய் விற்பது, வங்கிக் கடன் என்று பொறுமையாகச் சொன்னார். இளம் விவசாயி மானியம் 2016-இல் தொடங்கியபோது 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை என்று அறிவித்தார்கள், 18 முதல் 40 வயது வரை. பணமாகக் கையில் தராமல் இயந்திரம், உரம், குழாய் என்று பொருளாகத் தருவார்கள். இதெல்லாம் வருஷக் கணக்காக இருக்கிற திட்டம். மண்டபத்தில் உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும். அறிவிப்பு மலாயில் வரும், இணையத்தில் வரும். சந்தையில் மலாய் சரளமாகப் பேசுகிற நம் பெரியவர்களுக்கு விண்ணப்பப் பாரத்தில் அச்சடித்திருக்கிற மலாய் வேறு மாதிரி. கூட்டம் முடிந்தபிறகும் அந்தப் பெண் கிளம்பவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து பாரம் பூர்த்தி செய்ய உதவினார். இருட்டியதும் கோயில்காரர்கள் பொங்கலும் தேநீரும் கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

அடுத்த வாரம் பக்கத்து இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளை ஒரு மிளகாய்க் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் என்று என்னையும் துணைக்குக் கூப்பிட்டார்கள். ஃபெர்டிகேஷன் முறை, அதாவது உரத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செடிக்கு விடுவது. மழை படாமல் மேலே பிளாஸ்டிக் கூரை, கீழே வரிசையாகத் தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பாலிபேக், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் குழாய். கொட்டகையின் மூலையில் இரண்டு நீலப் பீப்பாய்கள், ஒன்றில் ஏ, இன்னொன்றில் பி என்று எழுதியிருந்தது. படிவம் நான்கில் படிக்கும் ஒரு பெண், "இரண்டையும் ஒரே பீப்பாயில் கலந்துவிட்டால் வேலை மிச்சம்தானே?" என்று கேட்டாள்.

கொட்டகைக்காரர் பதில் சொல்லவில்லை. ஒரு கண்ணாடிக் குவளையில் ஏ-யிலிருந்து கொஞ்சம், பி-யிலிருந்து கொஞ்சம், தண்ணீர் விடாமல் அப்படியே ஊற்றினார். தெளிவாக இருந்த இரண்டும் கலந்ததும் வெள்ளையாகக் கலங்கி, அடியில் மாவு மாதிரி படிந்தது. ஏ-யில் கால்சியம் நைட்ரேட், பி-யில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். அடர்த்தியாக இருக்கும்போது சேர்ந்தால் கரையாத உப்பாகிவிடும், குழாய் அடைத்துக்கொள்ளும், செடிக்கும் சத்துப் போகாது. நிறையத் தண்ணீரில் தனித்தனியாக விட்டுக் கரைத்தால் ஒன்றும் ஆகாது. "எங்க வேதியியல் பாடத்துல வருதே, வீழ்படிவு!" என்று அந்தப் பெண் கத்தினாள் பார், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதுவரை கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்த பையன்களும் கிட்டே வந்துவிட்டார்கள். உரநீரின் அடர்த்தியை அளக்கும் கருவியை வாங்கி மாற்றி மாற்றி நனைத்துப் பார்த்தார்கள். விவசாயம் என்றால் வெயிலில் மண்வெட்டி பிடிப்பது என்று மட்டும் நினைத்திருந்த பிள்ளைகள்.

உன் பேத்தி விவசாயம் படிக்க ஆசைப்படுகிறாள், உன் மகன் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாயே, அதற்கு என் பதில் இதுதான். அவளைச் செர்டாங்கில் இருக்கும் புத்ரா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பு. 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1971-இல் பல்கலைக்கழகமான இடம் அது. உன் மகன் கோபப்படுவது எனக்குப் புரிகிறது. அவன் பாட்டி நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு, அந்த விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு, போனதையும், மழை நாளில் கூலி இல்லாமல் உட்கார்ந்திருந்ததையும் அவனுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நாம்தான். படித்தால் தோட்டத்தை விட்டு வெளியேறலாம் என்று சொன்னோம், அது அன்றைக்குச் சரி. ஆனால் மண் ஆய்வாளராக, விதை ஆராய்ச்சியாளராக, அந்தப் பட்டர்வொர்த் பெண் மாதிரி அதிகாரியாக நம் பிள்ளை வருவது தோட்டத்துக்குத் திரும்பிப் போவதாகாது. அந்த நாற்காலியில் நம் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருந்தால்தான் கோயில் மண்டபத்துக்கு வரவேண்டும் என்ற எண்ணமே இலாகாவுக்கு வரும்.

அமெரிக்காவில் 1992-இல் தொடங்கிய அந்த உபகாரச் சம்பளத்தைப் பற்றி நீ எழுதியதைக்கூட மகனிடம் எடுத்துச் சொல். 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் கறுப்பினக் கல்லூரிகளில் விவசாயம் சார்ந்த படிப்பு எடுக்கும் மாணவர்களுக்குக் கட்டணம், புத்தகம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கொடுத்து, படித்து முடித்ததும் விவசாயத் துறையிலேயே வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஊரை நன்றாகத் தெரிந்த பிள்ளைகளை அதிகாரியாக்கும் வழி அது. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது சின்னம்மா விஷயம். அவரை உனக்குத் தெரியும், தோட்டக் குமாஸ்தா கிராணி வீட்டுக்குப் பின் தொழிலாளர் லயத்தில் இருந்தாரே, அவர்தான். கணவர் இறந்தபிறகும் அந்த ஒன்றரை ஏக்கரை விடாமல் கத்தரி, வெண்டை, பயற்றங்காய் போட்டுக்கொண்டு வருகிறார். அவருடைய கத்தரிக்காயை வாங்கக் காலையில் மோட்டாரில் வந்து காத்திருக்கிறார்கள். கோயில் கூட்டத்துக்கு அவரும் வந்தார், நல்ல சேலை கட்டிக்கொண்டு, அடையாள அட்டையும் பழைய ரசீதுகளும் பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு. வயது காரணமாக இளைஞர் மானியம் அவருக்குக் கிடையாது. தண்ணீர்ப் பம்புக்கும் குழாய்க்கும் வேறு உதவி கேட்டு எழுதினார். பாரம் முகப்பிலேயே திரும்பி வந்துவிட்டது. எந்த அலுவலகம் என்று எழுத வேண்டாம்.

காரணம், நிலம். அவர் கணவர் பெயரில் டி.ஓ.எல். லைசென்ஸ், அதாவது அரசாங்க நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் அனுமதி, இருந்தது. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அந்த லைசென்ஸ் வருஷக் கடைசியில் முடிந்துவிடும், புதுப்பிக்க வேண்டும். யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. லைசென்ஸ்காரர் இறந்தால் அதோடு அதுவும் முடிந்தது. மனைவி பெயருக்கு அது தானாக வராது. சின்னம்மாவுக்கு இது தெரியாது. கணவர் பெயரிலேயே பணம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த மண்ணில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடுபட்டவர், சட்டத்தின் கண்ணுக்கு இன்றைக்கு அங்கே யாருமே இல்லை. புதிதாக விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அது முடிவாகும் வரை அவருக்கு எந்தத் திட்டத்தின் கதவும் திறக்காது. அந்த அதிகாரிப் பெண் இரண்டு மூன்று இடத்தில் பேசிப் பார்த்தார், பாவம். நில அலுவலகம் மாநிலத்தின் கையில், மானியம் இலாகாவின் கையில்.

கூட்டம் நடத்துவது, தமிழில் பேசுவது, பாரம் எழுதிக் கொடுப்பது எல்லாம் தேவைதான், நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் நிலத்தைக் கையில் வைத்திருக்கிறோம் என்று காட்டக் காகிதம் இல்லாதவர் அந்த மண்டபத்திலிருந்து வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போகிறார். நம்மவர்களில் அப்படிப்பட்டவர்கள்தான் நிறைய. தோட்டம் கைமாறியபோது மாட்டுக் கொட்டகையையும் மேய்ச்சலையும் இழந்தவர்கள், ஆற்றோரத்தில் வாய்மொழி அனுமதியில் கீரை போடுகிறவர்கள், கேமரன் மலையில் தற்காலிக அனுமதியில் காய்கறி போடுகிறவர்கள். 1960-இல் தோட்டத் தொழிலாளர்கள் சேர்ந்து நிலம் வாங்க அமைச்சர் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தபோது என் அப்பா சம்பளத்தில் பிடித்துக் கொடுத்துப் பங்கு வாங்கினார். தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோன அந்தக் காலத்தில், நிலம் நம் பெயரில் இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு இருந்த தவிப்பு இப்போதுதான் எனக்கு முழுசாக விளங்குகிறது.

அமெரிக்காவிலும் இதே முடிச்சு விழுந்திருக்கிறது. உன் கடிதத்தைப் படித்தபிறகு தேடிப் படித்தேன். அங்கே கறுப்பின விவசாயிகள் பலருக்கும் நிலம் தாத்தா காலத்தது. உயில் எழுதாமல் இறந்ததால் அது எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாகிவிட்டது, உழுகிறவர் பெயரில் தெளிவான பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாவிட்டால் விவசாயத் துறையின் பண்ணை எண் கிடைக்காது, அந்த எண் இல்லாவிட்டால் கடனும் கிடையாது, பேரிடர் உதவியும் கிடையாது. கடன் கொடுப்பதில் பாகுபாடு காட்டினார்கள் என்று பிக்ஃபோர்ட் என்ற விவசாயியும் மற்றவர்களும் போட்ட வழக்கு 1999-இல் சமரசத்தில் முடிந்து இழப்பீடு வந்தது. அதற்குப் பிறகும் பத்திரப் பிரச்சினை தீரவில்லை. கடைசியில் 2018-ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தில் ஒரு வழி செய்தார்கள். பத்திரம் இல்லாத வாரிசு விவசாயி வேறு ஆதாரங்களைக் காட்டியும் அந்தப் பண்ணை எண்ணைப் பெறலாம். நிலத்தை நடத்துவது நான்தான் என்ற சுய வாக்குமூலம்கூட அதில் ஒன்று. யாருக்கு நிலம் சொந்தம் என்ற வழக்கை அது தீர்க்கவில்லை. உழுகிறவர் யார் என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டது. இங்கேயும் அந்த அளவு செய்தால் போதும், சின்னம்மா போன்றவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து இதை மனுவாக எழுதப் போகிறோம். மண்டபத்துக்கு வந்தவர்களில் யார் யாருக்கு லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது, எப்போது காலாவதி, எத்தனை வருஷமாகப் பயிர் செய்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. உன் மச்சான் நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தானே? டி.ஓ.எல். வைத்திருந்தவர் இறந்தால் அதே நிலத்தில் உழைக்கும் மனைவிக்கு முன்னுரிமை கொடுக்க மாநிலத்தில் நடைமுறை ஏதாவது உண்டா, யாருக்கு எழுதினால் நடக்கும் என்று அவரிடம் விசாரித்து எழுது. தீபாவளிக்குள் தெரிந்தால் நல்லது, லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம் அதற்குப் பிறகு நெருங்கிவிடும்.

அப்புறம், பள்ளி விடுமுறையில் பேத்தியை அழைத்துக்கொண்டு வா. இ.டி.எஸ். ரயிலில் வந்து பாரிட் புந்தாரில் இறங்கினால் நான் காரோடு நிற்பேன். கொட்டகைக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உன் மகனுக்கு லீவு கிடைத்தால் அவனும் வரட்டும்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோட்டத்துப் பள்ளித் தோழன்