ஹோட்டல் மும்பை பார்த்தேன்

அன்புள்ள மச்சான்,

அக்காவிடம் நீ கொடுத்துவிட்ட 'ஹோட்டல் மும்பை' ப்ளூ-ரே, 2008 மும்பைத் தாக்குதலைப் பற்றிய அந்தப் படம், பத்திரமாக வந்து சேர்ந்தது. 2019 ஜூனில்தான் அங்கே டிஸ்க் வெளிவந்தது, இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

பார்த்துவிட்டேன், ஆனால் ஒரே மூச்சில் இல்லை. 2019 ஏப்ரலில் இங்கே தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்த ஈஸ்டர் ஞாயிறு முடிந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை, கொழும்பில் இதைத் தியேட்டரில் போட்டிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். வீட்டில் என்றபடியால் நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிந்தது. உயிர் தப்பி ஓடிவரும் சனத்தோடு சனமாக தாக்க வந்த பொடியன்கள் பையோடு தாஜ் ஹோட்டலுக்குள் நுழைகிறார்களே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழும்பிப் போய்விட்டேன். ஈஸ்டர் அன்று முதுகில் பையோடு நடந்து போன குண்டுதாரிகளின் சிசிடிவி காட்சியை ஏப்ரல் கடைசியில் எங்கள் டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

படத்தில் எனக்குப் பிடித்தது சமையலறை ஆட்கள். வீட்டுக்குப் போக விரும்புகிறவர்கள் போகலாம் என்று தாஜின் தலைமைச் சமையல்காரர் ஹேமந்த் ஓபராய் சொன்ன பிறகும் விருந்தினரை விட்டுப் போகாமல் நின்றவர்கள். கொழும்பு சினமன் கிராண்ட் ஹோட்டலில் ஈஸ்டர் அன்று காலைச் சாப்பாட்டு நேரத்தில் வேலையில் நின்ற ஊழியர்களும் இறந்தார்கள் என்பது உனக்கும் தெரியும்.

ஆனால் ஒன்று மனதை அறுக்கிறது. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சிஎஸ்டி ரயில் நிலையத்தில் மட்டும் 50 பேருக்கு மேல் செத்தார்கள், ஊருக்குப் போக மூட்டை முடிச்சோடு காத்திருந்த சாதாரண சனங்கள். படத்தில் அது சில நிமிடம்தான். மிச்சமெல்லாம் தாஜ், அதிலும் ஒரு அமெரிக்கக் கணவன், மனைவி, கைக்குழந்தை. குழந்தை அழுமா அழாதா என்று எங்களைப் பதற வைக்கிற அளவுக்கு அந்த நிலையத்தில் ஒருவருடைய முகத்தையாவது காட்டியிருக்கலாம். இங்கேயும் வெளிநாட்டுச் செய்திகளில் ஹோட்டல்கள் பெரிதாக வந்தன, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில்தான் ஆகக் கூடுதலான உயிர்கள் போயின, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் எத்தனை பிள்ளைகள்! நாளைக்கு எங்கள் ஈஸ்டரையும் யாராவது த்ரில்லராக எடுப்பார்கள், அப்போது சீயோனுக்கு எத்தனை நிமிடம் கொடுப்பார்கள் என்று நினைக்கவே கோபம் வருகிறது.

கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு நியூசிலாந்தில் இந்தப் படத்தை நிறுத்தி வைத்தது சரிதான் என்று இப்போது படுகிறது.

அப்புறம், ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலை ஜூன் திருவிழாவுக்கு முன்பே திறந்துவிட்டார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன், வாசலில் பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள், அம்மா ஒன்றும் பேசவில்லை.

தியேட்டரில் பார்த்தபோது அந்த ரயில் நிலையக் காட்சி உனக்கு எப்படி இருந்தது? அதை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுது மச்சான்.

அன்புடன்,
ரவி