இரண்டு கேபிள் போட்டும் இணைப்பு அறுவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகங்களில் வேலை நின்றுபோனால் வரிசையில் நிற்பவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் 'சர்வர் டவுன்' என்பதுதான். வலையமைப்பு அமைக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: சர்வர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, மாடியிலுள்ள ஸ்விட்சை (கணினிகளை வலையமைப்பில் சேர்க்கும் கருவியை) முதன்மை ஸ்விட்சோடு சேர்க்கும் ஒற்றைக் கேபிள் மட்டும் பழுதாகியிருப்பதும் உண்டு.

இதற்கான தீர்வு புதிதன்று. பல போர்ட்களை (கேபிள் செருகும் துளைகளை) ஒரே இணைப்பாகச் சேர்க்கும் லிங்க் அக்ரிகேஷன் முறையை, தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே 802.3ஏடி என்ற பெயரில் தரப்படுத்தியது. 2008 முதல் அது 802.1ஏஎக்ஸ் என வழங்குகிறது. இப்படிச் சேர்க்காமல் இரண்டாவது கேபிளைச் செருகினால் மட்டும் பயனில்லை. தகவல் சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாடு ஸ்விட்சில் இயங்கினால் அது ஒரு கேபிளை முடக்கி வைக்கும். இயங்காவிட்டால் லூப் உண்டாகி, அதாவது தகவல் முடிவின்றிச் சுற்றி வந்து, வலையமைப்பு முழுவதுமே படுத்துவிடும்.

போர்ட்களைச் சேர்ப்பதிலும் இரு வழிகள் உண்டு. பலர் எளிது என்று நினைத்து நிலையான முறையில், அதாவது இரு முனைகளும் ஒன்றையொன்று சோதிக்காத வகையில், சேர்த்துவிடுகிறார்கள். இடையில் மீடியா கன்வெர்ட்டர் (செம்புக் கேபிளை ஃபைபரோடு இணைக்கும் கருவி) இருந்து, அதற்கு அப்பால் ஃபைபர் அறுந்தால், இந்தப் பக்கத்துப் போர்ட்டின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கக்கூடும். ஸ்விட்சும் போக்குவரத்தில் ஒரு பங்கை அந்த அறுந்த வழியிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்குச் செய்யவில்லை என்ற புகார் வரும். கண்டுபிடிக்க இதைவிடச் சிரமமான பழுது குறைவு. இரண்டாவது வழியான எல்ஏசிபி (லிங்க் அக்ரிகேஷன் கன்ட்ரோல் புரோட்டோகால்) நெறிமுறையில் இரு முனைகளும் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக்கொண்டே இருப்பதால், பதில் நின்றதும் அந்தக் கேபிள் விலக்கப்படுகிறது. மெதுவான அமைப்பில் இதற்கு 90 விநாடிகள் ஆகும். வேகமான அமைப்பில் மூன்றே விநாடிகள் போதும்.

விற்பனையாளர்கள் சொல்லும் 'இரட்டிப்பு வேகம்' பாதி உண்மைதான். ஒரு கணினிக்கும் ஒரு சர்வருக்கும் இடையிலான ஒரு கோப்புப் பரிமாற்றம் ஒரே கேபிளில்தான் செல்லும். இரண்டு ஒரு ஜிகாபிட் கேபிள்கள் இருந்தாலும் அதற்கு இரண்டு ஜிகாபிட் கிடைக்காது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போதுதான் சுமை பிரியும். அதுவும் எப்படிப் பிரிப்பது என்பதைச் சரியாக அமைத்திருக்க வேண்டும்: இரு ரவுட்டர்களுக்கு இடையில் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரியை) மட்டும் வைத்துப் பிரித்தால், அந்த முகவரிகள் மாறாததால் போக்குவரத்து முழுவதும் ஒரே கேபிளில் போய்ச் சேரும். கணினிகளின் ஐபி முகவரியையும், அவற்றில் இயங்கும் செயலிகளைக் குறிக்கும் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடுவதே நல்லது.

இரு கேபிள்களையும் ஒரே குழாயில் இழுத்து ஒரே ஸ்விட்சில் செருகுவது இன்னொரு வீண்வேலை. பள்ளம் தோண்டும் ஒரு பொக்லைன் இரண்டையும் சேர்த்தே அறுத்துவிடும். வெவ்வேறு பாதைகளில் கொண்டுவந்து, ஒன்றாக இயங்கும்படி இணைத்த இரண்டு ஸ்விட்சுகளில் அவற்றை முடிக்க வேண்டும்.

எனவே அரசு நிறுவனங்கள் டெண்டரில் எல்ஏசிபி, வேகமான கால அளவு, தனித்தனிப் பாதை ஆகிய மூன்றையும் கட்டாயமாக்க வேண்டும். கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும், ஒரு ஸ்விட்சின் மின்சாரத்தை நிறுத்தியும் அதிகாரிகள் முன்னிலையில் சோதித்த பிறகே ஒப்பந்ததாரருக்கு இறுதித் தொகையை விடுவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பொறியாளர் ஒருவர்