ரயிலுக்கு முன்னால் ஆறு இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரயில்வேயின் இருநூறு ஆண்டுகளைப் பற்றிய கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. 1825 செப்டம்பர் 27 அன்று ஜார்ஜ் ஸ்டீபன்சன் ஓட்டிய எஞ்சின், வடகிழக்கு இங்கிலாந்தின் ஷில்டனில் புறப்பட்டு டார்லிங்டன் வழியாக ஸ்டாக்டன் வந்து சேர்ந்ததுவரை கட்டுரையாளர் சொல்லிவிட்டார். வண்டி நின்றதும் கட்டுரையும் நின்றுவிட்டது. அது ஏன் ஸ்டாக்டனுக்குப் போக வேண்டும்? அங்கே டீஸ் ஆறு இருந்தது, ஆற்றில் கப்பல் வந்தது. இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஸ்டாக்டனுக்கும் கடலுக்கும் நடுவே டீஸ் வளைந்து வளைந்து ஓடியது. 1810-இல் ஒரு பெரிய வளைவின் குறுக்கே வெட்டி ஆற்றை நேராக்கினார்கள். கப்பல்களுக்கு இரண்டு மைலுக்கு மேல் மிச்சமானது. அந்த வெட்டைத் திறந்த அன்று நடந்த விருந்தில்தான் லெனார்ட் ரைஸ்பெக் என்பவர், ஸ்டாக்டனிலிருந்து டார்லிங்டன் வழியாக மேற்கே கால்வாயோ ரயில் பாதையோ போட முடியுமா என்று ஆராயச் சொன்னார். எதைப் போடுவது என்ற இழுபறியிலேயே ஆண்டுகள் ஓடின.

கடைசியில் வந்த ரயில் ஸ்டாக்டனுக்கே வினையாகிவிட்டது! ரயில் கொண்டுவந்த நிலக்கரியை ஏற்றும் கப்பல்களுக்கு அங்கே ஆழம் போதவில்லை. 1830-இல் ரயில் கம்பெனி பாதையைக் கடல் பக்கமாக நீட்டியது. சில வீடுகள் மட்டுமே இருந்த மிடில்ஸ்பரோ துறைமுகமாகி, பிறகு இரும்பு நகரமாகி, ஸ்டாக்டனை முந்திக்கொண்டது.

எங்கள் கோவில்பட்டிக்காரர்கள் ஸ்டாக்டனை நினைக்க வேறு காரணமும் உண்டு. உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சியை முதலில் விற்றவர் அவ்வூர் மருந்துக்கடைக்காரர் ஜான் வாக்கர். 1827 ஏப்ரல் 7 அன்று நடந்த விற்பனை அவருடைய கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. காப்புரிமை கேட்காத மனிதர், அதனால் மற்றவர்கள் அதே குச்சியைச் செய்து விற்றார்கள்.

பாரம்பரியம் என்று பேசும்போது இடித்ததையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஸ்டாக்டன் கோட்டையை 1652-இல் இடித்தார்கள். அது உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலம், புரிந்துகொள்ளலாம். 1970-களில் அகலத்துக்குப் பெயர்போன ஹை ஸ்ட்ரீட் என்ற கடைவீதியின் ஒரு பகுதியைத் தரைமட்டமாக்கி, கோட்டையின் பெயரைச் சுமந்த வணிக வளாகத்தைக் கட்டினார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைவீதியில் நிற்பவருக்கு ஆறு இருப்பதே தெரியாமல் போனது. பின்னர் அந்த வளாகத்தையும் இடித்து, தெருவையும் ஆற்றையும் சேர்க்கும் பூங்கா அமைக்கத் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டு தாமதம், ஆனாலும் சரியான வேலை.

இதையெல்லாம் சேர்த்து இரண்டாம் பகுதி ஒன்று எழுதும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் ஸ்டாக்டனின் பழைய வரைபடம் ஒன்றையும் போடுங்கள். தண்டவாளம் கப்பல்துறையில் போய் முடிவதை வாசகர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோவில்பட்டி