ககன்யான் தாமதத்தைக் கேலி செய்யாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் முப்பத்தைந்து வருடமாக ஆயில் இன்ஜினும் பம்ப்செட்டும் பிரித்துப் பூட்டுகிறவன் நான். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டம் தள்ளிப்போகிற செய்தி வந்தால் டீக்கடையில் "நம்மாளுங்க எப்பவும் இப்படித்தான்" என்கிறார்கள். கேட்கவே மனசு பொறுக்கவில்லை.

ரப்பர் வாஷரை நகத்தால் அழுத்திப் பார்ப்போம். அமுங்கித் திரும்பி வந்தால் அதில் உயிர் இருக்கிறது. வராவிட்டால் கசியும். எங்களுக்குக் கசிவது தண்ணீர், வயலில்தான் விழும். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தில் கசிந்தது நெருப்பு. உறைபனிக் குளிரில் பூஸ்டரின் (பக்கத்தில் பூட்டிய உந்து ராக்கெட்டின்) ரப்பர் வளையம் விறைத்துப்போய் மூட்டு அடைபடவில்லை. 73 வினாடிகளில் விண்கலம் சிதறி, ஏழு பேர் போய்விட்டார்கள். குளிரில் ஏவாதீர்கள் என்று முந்தின இரவே பொறியாளர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். மேலதிகாரிகள் கேட்கவில்லை. ரப்பரை விட எனக்கு அதுதான் ஆறவில்லை.

2003-இல் நம் கல்பனா சாவ்லா போய் உயிர்விட்ட கொலம்பியா விண்கலத்திலும் அதே கதை. ஏவும்போது எரிபொருள் தொட்டியின் நுரைத்துண்டு பெயர்ந்து இறக்கையில் அடித்தது மறுநாளே தெரியும். படம் எடுத்துப் பாருங்கள் என்று பொறியாளர்கள் கேட்டும் அதிகாரிகள் எடுக்கவில்லை.

2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் சோதனை ராக்கெட், புறப்பட ஐந்து வினாடி இருக்கும்போது தானே நின்றது. கோளாறைச் சரிபார்த்து அன்றைக்கே ஏவினார்கள். அப்படி நிற்கிற ராக்கெட்டில்தான் நம் பிள்ளைகள் ஏற வேண்டும். ஏன் நின்றது, எதை மாற்றினார்கள் என்பதைத் தமிழில் விரிவாக உங்கள் பத்திரிகை எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பம்ப்செட் மெக்கானிக், மன்னார்குடி